ஆச்சி ‘லைட்டப் போடு’ என்றால் எந்த லைட்டை?

செங்கோட்டையில் எங்கள் வீடு தெருவாசலிலிருந்து புறவாசல் வரை நீளமாக ஓடுகிற பழைய வீடு. தார்சா (முன் அறை), அதை அடுத்துப் பட்டாசல் (கூடம்), பிறகு அரங்கு (உள்ளறை), கடைசியில் அடுக்களை, மேலே ஓடு வேய்ந்த மச்சு. ஆச்சிக்கு இரண்டு முழங்காலிலும் வலி. ராத்திரி எழுந்தால் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே சுவிட்சு வரைக்கும் போக வேண்டும். அவள் விழுந்துவிடக் கூடாது என்றுதான் குரலால் விளக்குப் போடும் ஏற்பாட்டை வீட்டில் தொடங்கினேன்.

முதல் நாளே ஒன்று புரிந்தது. ‘அரங்கு லைட்டைப் போடு’ என்று ஆச்சி சொல்லவே மாட்டாள். இருக்கிற இடத்தில் இருந்துகொண்டு, ‘எய்யா, லைட்டப் போடு’ என்பாள். நாம் எல்லோரும் வீட்டில் அப்படித்தான் பேசுகிறோம். கேட்கிறவருக்கு எந்த லைட் என்று தெரியும், ஏனென்றால் பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்பது தெரியும். அந்த அறிவை வீட்டுக்கு எப்படிக் கொடுப்பது என்பதைத்தான், இதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். குரல் எந்த அறையிலிருந்து வந்தது? எந்த அறையில் ஆள் இருக்கிறார்? அந்த ஆள் யார்? மூன்றும் ஒன்று போலத் தோன்றும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லும் கருவி வேறு. முதல் கேள்விக்கு மைக், இரண்டாவதற்கு அசைவு உணரியும் ரேடாரும், மூன்றாவதற்கு புளூடூத். நான் மூன்றாவதில் தொடங்கி இரண்டு மாதம் செலவழித்தேன். விளக்குப் போடுவதற்கு முதல் கேள்வியின் பதிலே பெரும்பாலும் போதும் என்பது பிறகுதான் தெரிந்தது. நீங்கள் முதல் கேள்வியிலேயே தொடங்குங்கள்.

வீட்டை அறைகளாக எழுதிக்கொள்வது

நான் பயன்படுத்துவது ஹோம் அசிஸ்டன்ட். பாலுஸ் ஸ்கௌட்சன் 2013-இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் இது. வீட்டிலேயே ஒரு சிறிய கணினியில் ஓடும். அதன் அமைப்புகளில் ‘ஏரியா’ என்று ஒரு பகுதி இருக்கிறது. வீட்டின் ஒவ்வோர் அறைக்கும் ஓர் ஏரியா உண்டாக்கி, அந்த அறையின் விளக்கு, விசிறி, மைக், உணரி எல்லாவற்றையும் அதற்குள் சேர்த்துவிடுங்கள். பின்னால் வரும் எல்லா வேலையும் இதன் மேல்தான் நிற்கிறது. ஒரு கருவியை ஏரியாவில் சேர்க்க மறந்தால், ‘எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை’ என்று பாதி நாள் தேட வேண்டிவரும்.

ஏரியாவுக்கு வீட்டில் புழங்குகிற பெயரையே வையுங்கள். எங்கள் வீட்டில் யாரும் பட்டாசலை ஹால் என்று சொல்வதில்லை.

எக்கோ, கூகுள் நெஸ்ட் போன்ற ஸ்பீக்கர் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், அந்தந்த ஆப்பில் ஓர் அறைக்கான குழுவில் ஸ்பீக்கரையும் அந்த அறை விளக்குகளையும் ஒன்றாகச் சேர்த்தாலே அறைப் பெயர் சொல்லாமல் விளக்குப் போடலாம். உங்களுக்கு அது போதுமென்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். தமிழில் பேச வேண்டும், நம் உணரிகளையும் முடிவில் கலக்க வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

அறைக்கு ஒரு மைக்

2023-ஐக் குரலின் ஆண்டு என்று அறிவித்து ஹோம் அசிஸ்டன்ட் குழுவினர் வேலை செய்தார்கள். 2024 டிசம்பரில் ‘வாய்ஸ் பிரிவியூ எடிஷன்’ என்ற சிறிய கருவியையும் வெளியிட்டார்கள். அதற்குள் இருப்பது ஈஎஸ்பி32-எஸ்3 என்ற சிறு கணினிச் சிப்பும், ஒலியைச் சுத்தப்படுத்தும் எக்ஸ்மாஸ் சிப்பும். அதை வாங்கலாம், அல்லது ஈஎஸ்பி32-எஸ்3 போர்டும் மைக்கும் வாங்கி நீங்களே செய்யலாம். எதுவானாலும் அறைக்கு ஒன்று. நடுவில் ஒரே ஒரு நல்ல மைக் வைத்து வீடு முழுவதையும் கேட்கவைக்கலாம் என்று நினைக்காதீர்கள். குரல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லாமல் போகும்.

மைக் வைக்கும் உயரம், பேசுகிறவரின் வாய் உயரம். ஆச்சி கட்டிலில் உட்கார்ந்தபடி பேசுவதால் அரங்கில் மூன்றடி உயரத்தில் வைத்தேன். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் குரல் 6 டெசிபல் குறையும். அதனால் கட்டிலுக்கு அருகில் வைத்த சுமாரான மைக், தூரத்தில் வைத்த உயர்ந்த மைக்கைவிட நன்றாகக் கேட்கும். மூலைகளைத் தவிருங்கள். சிமெண்டுத் தரையும் வெறும் சுவரும் உள்ள நம் அறைகளில் மூலைக்கு மூலை எதிரொலி கூடும். அடுக்களையில் மிக்சி இருக்கும் மேடையிலிருந்து தள்ளியே வையுங்கள். மிக்சி ஓடும்போது எந்த மைக்கும் கேட்காது, அதற்கு மருந்தில்லை.

இந்தக் கட்டத்திலேயே ஓர் உண்மையான பலன் கிடைத்துவிடும். மைக் கருவியை அரங்கு ஏரியாவில் சேர்த்திருந்தால், அதன் வழியாக வந்த கட்டளை அரங்கிலிருந்து வந்தது என்று ஹோம் அசிஸ்டன்டுக்குத் தெரியும். அறைப் பெயர் இல்லாத கட்டளையை அந்த அறைக்கானதாக எடுத்துக்கொள்ளும்.

வீட்டில் பேசும் வாக்கியங்களைக் கற்றுக்கொடுப்பது

பேச்சை எழுத்தாக்க விஸ்பர் என்ற மாடலைப் பயன்படுத்தலாம். ஓப்பன் ஏஐ 2022-இல் வெளியிட்டது, தமிழும் அதற்குத் தெரியும். ஆனால் அதன் சிறிய மாடல்கள் தமிழில் தடுமாறும், பெரியவற்றுக்கு வலுவான கணினி வேண்டும். ராஸ்பெரி பை 4-இல் ஒரு கட்டளைக்கு 8 விநாடி வரை ஆகலாம் என்று ஹோம் அசிஸ்டன்ட் ஆவணமே சொல்கிறது. இருட்டில் நிற்கிறவருக்கு 8 விநாடி நீண்ட நேரம். பழைய லேப்டாப்போ மினி பிசியோ இருந்தால் அதில் ஓட்டுங்கள்.

பொதுவான தமிழ்க் கட்டளைகளை நம்பியிருப்பதைவிட, உங்கள் வீட்டு வாக்கியங்களை நீங்களே எழுதிவையுங்கள். புதிய ஆட்டோமேஷன் (‘இது நடந்தால் இதைச் செய்’ என்ற விதி) ஒன்றைத் திறந்து, தூண்டுதலாக ‘சென்டென்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே வாக்கியங்களை எழுதலாம். அடைப்புக்குறிக்குள் நிமிர்ந்த கோடு போட்டு மாற்றுச் சொற்களையும், சதுர அடைப்புக்குள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்ற சொற்களையும் கொடுக்கலாம். லைட், லைட்டை, லைட்ட, விளக்கு, வெளக்கு எல்லாவற்றையும் கொடுங்கள். ‘எய்யா’ போன்ற விளிகளைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள்.

எல்லை ஊர்க்காரர்களுக்கு இங்கே கொஞ்சம் கூடுதல் வேலை உண்டு. எங்கள் மதினி புனலூரில் பிறந்து வளர்ந்தவர். அவர் ‘லைட் இடு’ என்பார். அணைக்கச் சொல்லும்போது ‘லைட் கெடுத்து’ என்பார். மலையாளத்தில் கெடுத்துவது என்றால் அணைப்பது. தமிழில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. அவரைத் தமிழில் ‘போடு’, ‘அணை’ என்று மாற்றிப் பேசச் சொல்வது நியாயமில்லை. அதனால் ‘இடு’, ‘கெடுத்து’ இரண்டையும் பட்டியலில் சேர்த்தேன். வாளையாறிலோ களியக்காவிளையிலோ இருக்கிற வீடுகளிலும் இப்படி நாலைந்து சொற்கள் கட்டாயம் இருக்கும். தமிழும் தெலுங்கும் புழங்கும் பள்ளிப்பட்டு, திருத்தணிப் பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான். ஒரு வாரம் காதைக் கொடுத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பேசியது எப்படி எழுத்தாகிறது என்று பார்க்க, குரல் உதவியாளர் அமைப்பில் ‘டீபக்’ பக்கம் இருக்கிறது. ஆச்சி சொன்னது ‘லைட்டப் போடு’, விஸ்பர் எழுதியது ‘லைட் அப் போடு’. அதையும் அப்படியே ஒரு மாற்று வாக்கியமாகச் சேர்த்துவிட்டேன். பிழையாக எழுதினாலும் ஒவ்வொரு முறையும் ஒரே பிழையாக எழுதினால் நமக்குப் பிரச்சினை இல்லை.

வாக்கியம் பொருந்தியதும், எந்தக் கருவி வழியாக வந்தது என்ற அடையாளமும் தூண்டுதலோடு சேர்ந்து வரும். ‘ஏரியா ஐடி’ என்ற டெம்ப்ளேட் ஃபங்ஷனுக்கு அந்த அடையாளத்தைக் கொடுத்தால் அறையைத் திருப்பித் தரும். அந்த அறையின் விளக்குகளைப் போடு என்பதுதான் செயல். இந்த ஓர் இடத்தை மட்டும் யாமல் என்ற, அமைப்புகளை எழுத்தாக எழுதும் வடிவத்தில் கையால் எழுத வேண்டியிருக்கும். ஒரே ஆட்டோமேஷன் ஐந்து அறைக்கும் போதும்.

பக்கத்து அறை மைக் முந்திக்கொண்டால்

முதல் சிக்கல் இங்கேதான் வரும். எங்கள் வீட்டில் கதவுகளை யாரும் பகலில் சாத்துவதில்லை. அரங்கில் பேசினால் பட்டாசல் மைக்குக்கும் அடுக்களை மைக்குக்கும் கேட்கும். மூன்றும் எழுப்புச் சொல்லை, அதாவது கட்டளைக்கு முன் மைக்கை விழிக்கவைக்கச் சொல்லும் சொல்லைக் கேட்டு விழிக்கும். ஒரே எழுப்புச் சொல்லை இரண்டு கருவிகள் அடுத்தடுத்துக் கேட்டால், யாருடைய செய்தி முதலில் வந்து சேர்கிறதோ அதை மட்டும் ஹோம் அசிஸ்டன்ட் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். முந்தியது அருகில் இருக்கும் மைக்தான் என்று நினைப்போம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒலி விநாடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். இரண்டு மைக்குக்கும் தூர வித்தியாசம் 5 மீட்டர் என்றால், நேர வித்தியாசம் 15 மில்லிவிநாடிதான். வைஃபையில் ஒரு செய்தி முன்பின்னாகத் தாமதிக்கும் நேரமே அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். ஆக, தூரத்து மைக் முந்துவது அடிக்கடி நடக்கும்.

சுலபமான தீர்வு, அறைக்கு அறை வேறு எழுப்புச் சொல். அரங்கில் ‘ஓகே நபு’, அடுக்களையில் ‘ஹே ஜார்விஸ்’. இளைஞர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் இது போதும். ஆச்சியை அறைக்கு ஒரு பெயர் மனப்பாடம் பண்ணச் சொல்ல எனக்கு மனமில்லை. எழுப்புச் சொல்லைக் கேட்கும் கூர்மையைக் குறைத்துப் பார்த்தேன், தூரத்து மைக் அடங்கியது. ஆனால் ஆச்சி மெல்லப் பேசும் இரவில் அருகில் இருந்த மைக்கும் கேட்கவில்லை. அதனால்தான் இரண்டாவது கேள்விக்குப் போனேன்: எந்த அறையில் ஆள் இருக்கிறார்?

அசைவு உணரி

பிஐஆர் என்று கடையில் கேட்டால் கிடைக்கும். வெள்ளைக் குமிழ் லென்ஸ் வைத்த எச்.சி.-எஸ்ஆர்501 சல்லிசானது. உடம்பிலிருந்து வரும் அகச்சிவப்பு வெப்பம் இடம் மாறுவதை அது உணரும். சுமார் 7 மீட்டர் தூரம் பார்க்கும். மின்சாரம் கொடுத்ததும் நிதானத்துக்கு வர ஒரு நிமிடம் ஆகும், அதுவரை தாறுமாறாகச் சொல்லும். அதில் இரண்டு திருகுகள் உண்டு, ஒன்று கூர்மைக்கு, ஒன்று நேரத்துக்கு. நேரத் திருகைக் குறைந்த அளவிலேயே வைத்துவிட்டு, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை மென்பொருளில் முடிவு செய்யுங்கள்.

ஆள் உணரியை நோக்கி நேராக வந்தால் அதற்குத் தெரிவது குறைவு, குறுக்கே கடந்தால் நன்றாகத் தெரியும். எனவே வாசலுக்கு எதிரே மாட்டாமல், வாசலைப் பக்கவாட்டில் பார்க்கும்படி மாட்டுங்கள். லென்ஸ் மேல் பல்லியோ பூச்சியோ ஊர்ந்தாலும் ஆள் என்று சொல்லும். டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் மாட்டினால் பூச்சியும் பல்லியும் நிச்சயம் வரும்.

பருவமும் இதை மாற்றும். சித்திரை மத்தியானம் எங்கள் மச்சில் ஓட்டுச் சூட்டில் சுவரும் நம் தோலும் ஏறக்குறைய ஒரே வெப்பத்துக்கு வந்துவிடும். வித்தியாசம் இல்லாதபோது உணரிக்கு ஆள் தெரியாது. ஆனியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் காற்று வந்து வீடு குளிர்ந்ததும் அதே உணரி நன்றாக வேலை செய்யும். அதனால் கூர்மைத் திருகைச் சாரல் காலத்தில் சரிசெய்துவிட்டு, அதுவே வருஷம் முழுவதும் நிற்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

பெரிய குறை, அசையாமல் உட்கார்ந்திருப்பவர் அதற்கு இல்லாதவர் போல. ஆச்சி கட்டிலில் சாய்ந்து கண்மூடிச் செபித்துக்கொண்டிருந்தால் அறை காலி என்று சொல்லிவிடும்.

ரேடாரும் விசிறியும்

அதற்குத்தான் மில்லிமீட்டர் அலை ரேடார். எல்டி2410 என்ற சிறு பலகை 24 கிகாஹெர்ட்சில் வேலை செய்கிறது. மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குவதையே பிடித்துவிடும். ஈஎஸ்பி32 போர்டில் இணைத்து, ஈஎஸ்பிஹோம் மென்பொருளில் அதற்கென உள்ள பகுதியைச் சேர்த்தால் ஹோம் அசிஸ்டன்டில் தெரியும். 5 வோல்ட் கொடுங்கள், தொடர்பு வேகத்தை 256000 என்று வையுங்கள். இரண்டு பலகையும் சேர்ந்து சில நூறு ரூபாய்தான் ஆகும்.

மாட்டிய அன்றே பலர் கைவிடுவதும் இதைத்தான். காரணம் நம் உத்தரத்தில் சுழலும் விசிறி. ரேடாருக்கு அசைகிற எல்லாம் அசைவுதான், விசிறி ஓடினால் அறையில் எப்போதும் ஆள் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நான் படித்த வெளிநாட்டுக் குறிப்புகளில் கூரையில் மாட்டச் சொல்லியிருந்தார்கள். விசிறி நடுவில் தொங்கும் நம் அறைகளுக்கு அது ஒத்துவராது. சுவரில், நெஞ்சு உயரத்தில், விசிறியைவிட்டு விலகிய திசை பார்க்கும்படி மாட்டுங்கள். அதன் பார்வை இரு பக்கமும் 60 பாகை விரியும் என்பதால், அப்படியும் விசிறியின் ஓரம் கொஞ்சம் விழும்.

மிச்சத்தை ரேடாரின் அமைப்பு எண்களால் சரிசெய்ய வேண்டும். இந்த ரேடார் தன் முன்னால் உள்ள தூரத்தை 0.75 மீட்டர் அளவுள்ள துண்டுகளாகப் பிரித்துப் பார்க்கிறது. அவற்றை ‘கேட்’ என்கிறார்கள். முதல் வேலை, அறைக்கு வெளியே பார்க்காமல் நிறுத்துவது. பன்னிரண்டடி அறை என்றால் 3.66 மீட்டர், ஐந்து கேட் போதும், 3.75 மீட்டரோடு நின்றுவிடும். மெல்லிய பலகைக் கதவையும் பிளைவுட் தடுப்பையும் ரேடார் ஊடுருவும் என்பதால், இந்த எல்லை வைக்காவிட்டால் அடுத்த அறையில் நடப்பவரும் இங்கே இருப்பவராகத் தெரிவார்.

அடுத்து, ‘இன்ஜினியரிங் மோட்’ என்ற நிலையைப் போடுங்கள். ஒவ்வொரு கேட்டிலும் எவ்வளவு சலனம் என்று எண்ணாகக் காட்டும். அறையைவிட்டு எல்லோரும் வெளியேறி, விசிறியை முழு வேகத்தில் விட்டு, போனில் எண்களைப் பாருங்கள். ஒரு கேட்டில் மட்டும் எண் எகிறி நிற்கும், விசிறி அங்கேதான். அந்தக் கேட்டின் வரம்பை, அதாவது எந்த எண்ணைத் தாண்டினால் ஆள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை, நீங்கள் பார்த்த உச்ச எண்ணுக்குப் பத்துப் பதினைந்து மேலே வையுங்கள். ரெகுலேட்டரை 1, 3, 5 என்று மாற்றி மாற்றிப் பாருங்கள், வேகத்துக்கு வேகம் எண் வேறுபடும். எல்லா வேகத்திலும் அறை காலி என்று சொன்ன பிறகு, அதே கேட் தூரத்தில் ஒருவரை அசையாமல் உட்காரவையுங்கள். அவர் தெரிந்தால் வேலை முடிந்தது. தெரியாவிட்டால் வரம்போடு மல்லுக்கட்ட வேண்டாம், ரேடாரை வேறு சுவருக்கு மாற்றுங்கள். கட்டிலும் விசிறியும் ஒரே கேட் தூரத்தில் விழாத சுவர் எது என்று தேடுவதுதான் இதில் உண்மையான வேலை. அரங்கில் மூன்றாவது சுவரில்தான் எனக்கு அது கிடைத்தது.

சாரல் மாதங்களில் இன்னொன்று கவனியுங்கள். வெளியே துணி காயாது என்று வீட்டுக்குள் கொடி கட்டுவோம். கணவாய்க் காற்றில் ஆடுகிற ஈரச் சேலையையும் ரேடார் ஆளாகத்தான் எடுத்துக்கொள்ளும். தொட்டில், ஊஞ்சல், ஜன்னல் திரை எல்லாம் அப்படியே. கொடி கட்டும் இடம் ரேடாரின் பார்வைக்கு வெளியே இருக்கட்டும்.

ஒருவர் எங்கே நிற்கிறார் என்று இடம் சொல்லும் எல்டி2450 பலகையும் உண்டு, ஒரே நேரத்தில் மூன்று பேரைத் தொடரும். பட்டாசல் போன்ற பெரிய அறையைப் பகுதிகளாகப் பிரிக்க உதவும். முதல் முயற்சிக்கு வேண்டாம்.

இரண்டையும் ஒரு முடிவாக்குவது

அசைவு உணரி வேகமாகச் சொல்லும், ஆனால் சீக்கிரம் மறக்கும். ரேடார் மறக்காது, ஆனால் விசிறியைப் பார்த்து ஏமாறும். எனவே அறைக்கு ஓர் ‘ஆள் உண்டு’ நிலையை இப்படி உண்டாக்குங்கள்: அசைவு உணரி சொன்னால் மட்டும் அது தொடங்கட்டும். தொடங்கிய பிறகு, ஆள் இருப்பதாக ரேடார் சொல்லிக்கொண்டிருக்கும் வரை நீடிக்கட்டும். இரண்டும் ஒரு நிமிடம் சேர்ந்து அடங்கியிருந்தால் முடியட்டும். யாரும் நுழையாத அறையில் விசிறி மட்டும் சுழன்றால் இதில் ஏமாற்றம் வராது.

இனி குரல் ஆட்டோமேஷனில் ஒரு சோதனையைச் சேருங்கள். எந்த மைக் முந்தியதோ அந்த அறையில் ஆள் உண்டா? உண்டு என்றால் அதே அறை. இல்லை, ஆனால் ஒட்டிய அறைகளில் ஒன்றே ஒன்றில் ஆள் உண்டு என்றால் அந்த அறை. இரண்டும் தெளிவாக இல்லையென்றால் மைக் சொன்ன அறையிலேயே விளக்கைப் போட்டுவிடுங்கள். ‘யாரும் இல்லை’ என்று உணரி சொல்கிறது என்பதற்காக விளக்குப் போட மறுக்காதீர்கள். உணரி தவறியிருக்கலாம், இருட்டில் நிற்பவர் நிச்சயம் நிற்கிறார்.

அணைப்பதற்கு இதே விதி ஆகாது. தவறான அறையில் விளக்கைப் போட்டால் கொஞ்சம் மின்சாரம்தான் செலவு, தவறான அறையில் அணைத்தால் அங்கே நடந்துகொண்டிருப்பவர் தடுக்கி விழலாம். அணைக்கும் கட்டளையில் சந்தேகம் வந்தால் ஒன்றும் செய்யாமல், ‘எந்த லைட்?’ என்று ஸ்பீக்கர் திருப்பிக் கேட்கும்படி வைத்திருக்கிறேன்.

நிலைப்படி இன்னொரு சிக்கலான இடம். ராத்திரி அரங்கிலிருந்து அடுக்களைக்குத் தண்ணீர் குடிக்கப் போகும் ஆச்சி நிலைப்படியில் நின்று விளக்குக் கேட்பாள். அவளுக்கு வேண்டியது போகப்போகும் அறையின் விளக்கு, உணரிக்குத் தெரிவது புறப்பட்ட அறை. இரவு பத்து மணிக்கு மேல் கட்டளை வந்தால் அந்த அறையையும், அதை அடுத்துப் புறவாசல் பக்கம் உள்ள அறையையும் சேர்த்து, சிறிய எல்இடி விளக்குகளை மட்டும் போடச் சொல்லிவிட்டேன். பெரிய விளக்கு திடீரென்று எரிந்தால் அவளுக்குக் கண் கூசும்.

யார் என்று தெரிய வேண்டுமா?

பல வீடுகளுக்கு வேண்டியதில்லை. ஆளுக்கு ஆள் பாட்டோ விளக்கு நிறமோ மாற வேண்டும் என்றால்தான் புளூடூத். ஒவ்வோர் அறையிலும் ஒரு ஈஎஸ்பி32 போர்டு கேட்டுக்கொண்டிருக்கும். யாருடைய போனின் சமிக்ஞை எங்கே வலுவாக இருக்கிறதோ, அவர் அங்கே என்று கணக்கிடும். ஈஎஸ்பிரெசன்ஸ், பெர்முடா என்ற இரண்டு மென்பொருள்கள் இதைச் செய்கின்றன. இன்றைய போன்கள் தங்கள் புளூடூத் முகவரியை அடிக்கடி மாற்றிக்கொள்ளும். அதனால் போனின் அடையாளச் சாவியை எடுத்து ‘பிரைவேட் பிஎல்ஈ டிவைஸ்’ பகுதியில் பதிந்தால்தான் தொடர முடியும்.

ஆச்சியிடம் போன் இல்லை. ஆனால் இடுப்பில் சாவிக்கொத்து எப்போதும் இருக்கும். அதில், தன் அடையாளத்தைப் புளூடூத்தில் சொல்லிக்கொண்டே இருக்கும் ஒரு சிறு ஐபீக்கன் பொத்தானைக் கோத்துப் பார்த்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பிலுள்ள நீர் விழுங்கும் என்பது அப்போது நன்றாகத் தெரிந்தது. ஒரு மீட்டரில் சமிக்ஞையின் வலு கழித்தல் 59 என்று அளந்து, வீட்டுக்குள் தேய்மான எண் (தூரம் கூடக் கூடச் சமிக்ஞை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது) 3 என்று வைத்தால், கழித்தல் 74 வந்தால் தூரம் 3.2 மீட்டர். ஆச்சி அங்கேயே நின்று திரும்பி, உடம்பு குறுக்கே வந்து 6 டெசிபல் குறைந்தால் கணக்கு 5 மீட்டர் என்று காட்டும். நின்ற இடத்திலேயே அடுத்த அறைக்குப் போய்விட்டாள் என்று அர்த்தமாகும். ஒன்றரையடிச் சுண்ணாம்புச் சுவர் உள்ள பழைய வீட்டில் சுவரே சமிக்ஞையை நன்றாகக் குறைப்பதால் அறைகள் ஓரளவு பிரிந்து தெரியும். நாலரை இஞ்சுச் சுவர் வீட்டில் இதை நம்ப வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களைக் கேட்காமல் அவர்கள் போனை இப்படித் தொடராதீர்கள். யார் எந்த அறையில் எவ்வளவு நேரம் இருந்தார் என்ற பதிவு கணினியில் சேர்ந்துகொண்டே போகும். மதினி வேண்டாம் என்றார், அவர் போனைச் சேர்க்கவில்லை. கேமராவும் எங்கள் வீட்டில் எந்த அறையிலும் கிடையாது.

மின்சாரப் பக்கம்

விளக்கை இயக்கும் ரிலே, சுவிட்சுப் பெட்டிக்குள் உட்காரும். பெரும்பாலான ரிலேக்களுக்கு நியூட்ரல் ஒயர் வேண்டும். பிளக் பாயிண்ட் உள்ள போர்டில் அது இருக்கும், வெறும் சுவிட்சு மட்டும் உள்ள பழைய போர்டில் அனேகமாக இருக்காது. 230 வோல்ட் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். பழைய சுவிட்சும் தொடர்ந்து வேலை செய்யும்படி ரிலேயின் சுவிட்சு முனையில் இணைக்கச் சொல்லுங்கள். வைஃபை போனாலும் கையால் விளக்குப் போட முடிய வேண்டும்.

காற்றடிக்கும் மாதங்களில் கரண்டு வந்து வந்து போகும். போய் வந்ததும் ரிலே எந்த நிலையில் எழ வேண்டும் என்ற அமைப்பை ‘ஆஃப்’ என்று வையுங்கள், இல்லாவிட்டால் நடுராத்திரி இரண்டு மணிக்கு வீடு முழுக்க விளக்கெரியும். மெமரி கார்டில் ஓடும் ராஸ்பெரி பை அடிக்கடி கரண்டு போனால் கார்டைக் கெடுத்துக்கொள்ளும், எஸ்எஸ்டி போடுங்கள். ரவுட்டருக்கும் கணினிக்கும் ஒரு சிறிய யுபிஎஸ் கொடுங்கள்.

எல்லாம் மாட்டியபின் அடுக்களைக் கதவில் ஒரு தாளும் பென்சிலும் தொங்கவிடுங்கள். தவறு நடக்கும் ஒவ்வொரு முறையும், மணி, எங்கிருந்து சொன்னது, எந்த லைட் எரிந்தது, விசிறி ஓடியதா என்று நான்கை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். அந்தந்த நேரமே அமைப்பை மாற்றாமல், இரண்டு வாரம் கழித்து மொத்தமாகப் படியுங்கள். எங்கள் தாளில் இருந்த பதினொரு தவறில் எட்டு, அரங்குக்கும் அடுக்களைக்கும் நடுவில்தான். அடுக்களை மைக் கதவுக்கு நேரே இருந்தது. அதைக் கதவு மறைவுக்கு, இரண்டடி தள்ளி வைத்தேன். அடுத்த இரண்டு வாரத் தாளில் ஒரே ஒரு குறிப்பு இருந்தது, அதுவும் மிக்சி ஓடிய நேரம்.